கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு: கோப்புப் பெயர்களில் தமிழும் குறிகளும்

தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில் டொக்குபோதனஹள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. படிப்பவருக்கு அது ஒன்பது எழுத்து. ஒருங்குறி முறையில் கணினிக்கு அது 15 குறியீடுகள். லினக்ஸ் கணினிகள் பெயரைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் 45 பைட்டுகள். அதே பெயர் வேறொரு தட்டச்சு முறையிலோ எழுத்துரு மாற்றியிலோ உருவாகியிருந்தால் 17 குறியீடுகளாக, 51 பைட்டுகளாக இருக்கலாம். திரையில் இரண்டுக்கும் இம்மியும் வேறுபாடு தெரியாது. விண்டோஸின் கோப்பமைப்பு இவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கருதி, ஒரே ஃபோல்டரில் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளும். குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும் தேடல் கருவியில் ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. கோப்பு இருக்கிறது, பெயரும் சரி, தேடியவரும் பிழையின்றித்தான் தட்டினார். ஆனாலும் எதுவும் கிடைக்கவில்லை என்றே கணினி சொல்லும்.

சிறப்புக் குறிகள் கொண்ட கோப்புகளைத் தேடுவது பற்றிக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிதான்: அந்தக் குறிகளைப் பெயரில் போடாதீர்கள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறிவுரை பழையது. ஒரு காலத்தில் தேவைப்பட்டதும்கூட. ஆனால் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் நில எண்ணும் நிறைந்த ஒரு வட்டத்தின் ஆவணங்களுக்கு அது பொருந்தவில்லை. பெயர் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே இருக்கட்டும்; ஒப்பிடுவதற்கென்று சமன்செய்த இன்னொரு வடிவத்தைத் தேடல் கருவி தனக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்கான தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் மென்பொருள்களில் அதைக் கேட்டுப் பெறும் வழக்கம்தான் உருவாகவில்லை.

முதலில் குறிகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதத்தின் தலைப்பில் ந.க.எண். 1234/2022/அ2 என்ற அமைப்பில் ஓர் எண் இருக்கும். நிலம் சார்ந்த தாளில் புல எண்ணும் உட்பிரிவும் 45/2 என்பதுபோல் வரும். பதிவு அலுவலக ஆவணத்தில் எண்ணுக்குப் பின் சாய்கோடு, அதற்குப் பின் ஆண்டு. இவை அலுவலகத்தில் புழங்கும் உண்மையான பெயர்கள். மக்கள் நினைவில் வைத்திருப்பதும் விண்ணப்பத்தில் எழுதுவதும் இவற்றைத்தான். ஆனால் ஸ்கேன் செய்த தாளுக்கு இந்தப் பெயரை அப்படியே வைக்க முடியாது. யூனிக்ஸ் சாய்கோட்டை ஃபோல்டர்களைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டது. 1983இல் வந்த டாஸ் 2.0, சாய்கோடு கட்டளைகளின் துணைக்குறியாக ஏற்கெனவே பயன்பட்டதால், ஃபோல்டர்களைப் பிரிக்கப் பின்சாய்கோட்டைத் தேர்ந்தது. அந்த மரபில் வந்த விண்டோஸ் இன்றும் < > : " / \ | ? * ஆகிய ஒன்பது குறிகளைக் கோப்புப் பெயரில் அனுமதிப்பதில்லை. லினக்ஸ் சாய்கோட்டையும் வெற்றுப் பைட்டையும் மட்டுமே தடுக்கிறது. அதனால் லினக்ஸில் செல்லுபடியாகும் ஒரு பெயர், விண்டோஸுக்கான பென் டிரைவில் ஏறும்போது தடைபடும். கூகுள் டிரைவ் சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளும். பதிவிறக்கும்போது அதை அடிக்கோடாக மாற்றிவிடும்.

இந்தத் தடையின் விளைவு தடுக்கப்பட்ட பெயரோடு நிற்பதில்லை. 45/2 என்று எழுத முடியாதவர் 45-2 என்று எழுதுகிறார். பக்கத்து மேசையில் இருப்பவர் 45_2 என்கிறார். இன்னொருவர் 45.2, வேறொருவர் இடையில் வெற்றிடம் விடுகிறார். உட்பிரிவில் எழுத்தும் சேர்ந்தால் நிலைமை இன்னும் விரிகிறது: ஒருவர் 2அ என்பார், ஒருவர் 2ஏ என்பார், மற்றொருவர் ஆங்கில எழுத்தையே போடுவார். ஒரே நிலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெயர் வடிவங்கள் உருவாகிவிடுகின்றன. தாளில் அந்த நிலத்துக்கு ஒரே எண்தான். தடை இயங்குதளத்திலிருந்து வந்தது; அதைச் சுற்றிப்போகும் வழியை மட்டும் ஒவ்வொரு அலுவலரும் தாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்படி உருவான குழப்பத்தை ஊழியரின் ஒழுங்கின்மை என்று சொல்வது நியாயமாகாது.

தேடும் இடத்திலும் குறிகளுக்குத் தனி வேலை உண்டு. உடுக்குறி எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும். லினக்ஸ் கட்டளை முனையத்திலும் விண்டோஸின் பவர்ஷெல்லிலும் சதுர அடைப்புக்கும் இப்படி ஒரு பொருள் இருப்பதால், பெயரில் சதுர அடைப்பு உள்ள கோப்பை அதன் சொந்தப் பெயரைச் சொல்லியே அழைத்தாலும் கிடைக்காமல் போகலாம். பவர்ஷெல்லில், சொன்ன பெயரை எழுத்துப்படியே எடுத்துக்கொள் என்று ஆணையிட வேறு ஒரு தெரிவு தேவைப்படுகிறது. விண்டோஸின் வழக்கமான தேடல், பெயர்களைச் சொற்களாக உடைத்து முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைக்கிறது. புள்ளியும் கோடும் அதற்குப் பெரும்பாலும் சொல்லின் எல்லைகள். ஏ.ஜெட்டிஹள்ளி என்ற தர்மபுரிப் பக்கத்து ஊர்ப்பெயரின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. எழுதியவருக்கு அது ஒரே பெயர். அட்டவணைக்கு அது இரண்டு துண்டுகளாகிவிடலாம். கேள்விக்குறி ஓர் எழுத்தைக் குறிக்கும் என்ற வாக்குறுதியும் தமிழில் பொய்த்துப்போகிறது. கணினி எண்ணுவது குறியீடுகளை. "தொ" என்ற ஓரெழுத்துக்கு இரண்டு கேள்விக்குறி வேண்டும். அது உடைந்த வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால் மூன்று வேண்டும்.

அந்த உடைந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கென்று 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியது. அதன்படி மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் எழுத்தின் இருபுறமும் நிற்பவை என்பதால் அவற்றுக்கு இரண்டு வழிகள் ஏற்கப்பட்டன. தகரத்துக்குப் பின் ொ என்ற ஒற்றைக் குறியீடு வரலாம்; அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வரலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் தெளிவாகச் சொல்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இயல்பாக்க விதிகளையும் அது தந்திருக்கிறது. ஆனால் அந்த விதிகளைச் செயல்படுத்துவது ஒவ்வொரு மென்பொருளின் பொறுப்பு. தொப்பூர், அதியமான்கோட்டை, டொக்குபோதனஹள்ளி என்று நல்லம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில் இந்தக் குறிகள் சாதாரணமாக வருகின்றன. எங்கோ எப்போதோ நேரும் விதிவிலக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

புதிதாகத் தட்டச்சு செய்யும் பெயரில் இந்தச் சிக்கல் குறைவு. தமிழ்99 போன்ற விசைப்பலகைகள் ஒற்றைக் குறியீட்டையே தருகின்றன. சிக்கல் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பெயர்களில்தான் அதிகம். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன: முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும். நகர்த்திய பின் காலோடு அதை இணைக்கவும் வேண்டும். முதல் வேலையைச் செய்து இரண்டாவதை விட்டுவிடும் நிரல், பார்வைக்குச் சரியான, உள்ளே பிளவுபட்ட எழுத்தைத் தருகிறது. திரையில் படித்துச் சரிபார்ப்பவருக்கு இது எந்நாளும் தெரியவராது.

ஔகாரத்தில் நிலைமை இன்னும் மோசம். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம்தான் இருந்தது. அதனால் மௌனம் என்ற சொல், மகரத்தின் மேல் எகரக் கொம்பு ஏறி, அடுத்து ஒரு ளகரம் வந்து, "மெளனம்" என்று மாறிவிடுகிறது. கௌதம், பௌர்ணமி, ஔவையார் ஆகியவற்றுக்கும் இதே கதி. சங்க காலத் தகடூரான தர்மபுரியை ஆண்ட அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது ஔவையாருக்கு. அந்தப் புலவரின் பெயர் இன்று அதியமானின் ஊர்க் கணினிகளிலும் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்க வாய்ப்பிருக்கிறது. இங்கே ஒருங்குறியின் இயல்பாக்க விதி உதவாது. ளகரமும் ஔகாரத்தின் வலப்பாதியும் தரத்தின்படி வேறு வேறு எழுத்துகள். இரண்டையும் ஒன்றாகக் கருதத் தமிழ் தெரிந்தவர் எழுதிய விதி வேண்டும். அந்த விதியை எழுதுவதும் கடினமன்று: எகரக் கொம்புக்கோ ஒகரத்துக்கோ பின்னால் வரும் ளகரம், உயிர்க்குறியோ புள்ளியோ ஏற்காமல் தனித்து நின்றால், அது ஏறக்குறைய எப்போதும் ஔகாரமே. தெளிவு, ஒளி, மெள்ள போன்ற சொற்களில் ளகரம் குறி ஏற்றுத்தான் நிற்கிறது. அவை இந்த விதியில் சிக்காது.

கிரந்த எழுத்துகள் வேறொரு அடுக்கைச் சேர்க்கின்றன. சகரத்தின் கிரந்த இணையான ஶ 2005இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. அதுவரை ஸ்ரீ என்ற கூட்டெழுத்து ஸகரத்தைக் கொண்டே எழுதப்பட்டது. அதன் பிறகு ஶகரத்தைக் கொண்டு எழுதுவதும் வந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். ஆகவே ஸ்ரீனிவாசன் என்ற பெயரைத் தேடுபவர் தம் விசைப்பலகை எதைத் தருகிறது என்று அறியாமலேயே பாதிக் கோப்புகளை இழக்கலாம். லக்ஷ்மி போன்ற பெயர்களில் ககரத்தையும் ஷகரத்தையும் சேரவிடாமல் பிரிப்பதற்கென்று கண்ணுக்கே தெரியாத ஒரு குறியீடு நுழைவதும் உண்டு. கன்னட எல்லைக்கு அருகிலுள்ள தர்மபுரிப் பகுதியின் தனி வழக்கு ஒன்றும் இருக்கிறது: ஒரே ஊரின் பெயர் ஓர் ஆவணத்தில் பாகலஹள்ளி என்றும் இன்னொன்றில் பாகலஅள்ளி என்றும் முடிகிறது. இரண்டும் புழக்கத்தில் உள்ள எழுத்து முறைகள். எதையும் தவறென்று ஒதுக்க முடியாது. தேடல் கருவிக்கு இந்த ஊரின் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால்தான் அது இரண்டையும் சேர்த்துத் தரும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆங்கில எழுத்திலேயே பெயர் வைத்துவிடலாமே என்ற மறுப்பு இங்கே எழும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பாமினி, வானவில் எழுத்துருக்களின் காலத்தில் ஆவணத்துக்குள் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளலாம். கோப்புப் பெயருக்கு எழுத்துருவைத் தேர வழியில்லை. தமிழில் வைத்த பெயர் ஃபோல்டரில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் கொண்டுவந்த பின்னரும் அந்தப் பழக்கம் நீடித்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதோடு பழைய காரணம் அற்றுப்போயிற்று, பழக்கம்தான் மிச்சம். மேலும், ஆங்கில எழுத்து ஒருமையைத் தருவதில்லை. நல்லம்பள்ளி என்ற பெயரே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக முடிகிறது. லளிகம் என்ற ஊரில் லகரமும் ளகரமும் ஒரே ஆங்கில எழுத்தாகிவிடுகின்றன. தமிழில் தெளிவாக வேறுபடும் இரண்டு பெயர்கள் அங்கே ஒன்றாகிவிடும், ஒரே பெயர் நான்காகப் பிரியும். தமிழில் நேர்வது பெரும்பாலும் விதிகளால் சரிசெய்யக்கூடிய குழப்பம். ஆங்கில ஒலிபெயர்ப்பில் நேர்வது அந்தந்த ஆளின் காதைப் பொறுத்தது.

இதற்கு எதிராக மதுரைத் திட்டத்தைச் சுட்டிக்காட்டலாம். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டு, கு. கல்யாணசுந்தரம் வழிநடத்திய அந்த மின்னூல் தொகுப்பு, தன் கோப்புகளுக்கு வரிசை எண் கொண்ட எளிய ஆங்கிலப் பெயர்களையே வைத்தது; குறியீட்டு முறைகள் மாறிய காலத்தையும் கோப்புகள் சேதமின்றிக் கடந்தன. இது வலுவான எடுத்துக்காட்டு. ஆனால் அது வெற்றிபெற்றதற்குக் காரணம் எண்ணுக்குப் பக்கத்தில் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் தரும் பட்டியல் ஒன்று தொடர்ந்து பேணப்பட்டதுதான். பட்டியலைப் பேணும் ஆள் இருக்கும் இடத்தில் எண் பெயர் நல்ல ஏற்பாடே. ஒரு ஜெராக்ஸ் கடையிலோ, கிராம நிர்வாக அலுவலரின் மேசையிலோ, பள்ளி ஆசிரியரின் மடிக்கணினியிலோ அப்படி ஒரு பட்டியல் இருப்பதில்லை. அங்கே கோப்பின் பெயரே பட்டியல். உள்ளடக்கத்தைத் தேடினால் போதாதா என்பவர்களுக்கும் இதே பதில்தான்: ஸ்கேன் செய்த பட்டா வெறும் படம், அதற்குள் தேடுவதற்கு எழுத்து எதுவும் இல்லை. அச்செழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்களும் பழைய கையெழுத்துத் தாளில் தடுமாறுகின்றன.

இன்னொரு மறுப்பு துல்லியம் பற்றியது. எல்லாவற்றையும் சமன்செய்து தேடினால் வேண்டாததும் வந்து குவியாதா? குவியும், சில இடங்களில். 45/2, 45-2, 45.2 அனைத்தையும் ஒன்றாகக் கருதும் கருவி, 45ஆம் தொகுதியின் 2ஆம் பகுதி என்ற பொருளில் 45-2 என்று பெயரிட்ட கோப்பையும் எடுத்துவரும். குறிகளை அறவே நீக்கிவிடும் கருவி 452 என்ற வேறொரு புல எண்ணையும் இழுத்துவரும்; அது பிழை. அதனால் சமன்செய்யும்போது குறிகளை நீக்கக் கூடாது; அவற்றை ஒரே பொதுப் பிரிப்பானாக மாற்ற வேண்டும். கிடைத்தவற்றில் தட்டியபடியே பொருந்துவதை மேலேயும், சமன்செய்ததால் பொருந்துவதைக் கீழேயும் காட்ட வேண்டும். எழுத்துப்படியே தேடு என்ற தெரிவு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றைச் செய்தால் எஞ்சும் தொல்லை, தேவையற்ற இரண்டு மூன்று வரிகளைக் கண்ணால் தாண்டுவது மட்டும். மறுபக்கத்தில் இருக்கும் இழப்பு அப்படிப்பட்டதன்று. இருக்கும் ஆவணத்தை இல்லை என்று சொல்லி ஒரு விவசாயியைத் திருப்பியனுப்பினால் அவர் மீண்டும் மனு எழுதி, மீண்டும் கட்டணம் கட்டி, மீண்டும் ஒரு நாள் கூலியை இழக்கிறார். இரண்டு பிழைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கணினியறிஞர்களிடமிருந்து வரும் மறுப்பு வேறு வகை. பெயரில் எதையும் அனுமதித்ததுதான் தவறு, இயங்குதளமே தடுக்க வேண்டும் என்பது அது. டேவிட் வீலர் யூனிக்ஸ் கோப்புப் பெயர்கள் பற்றிய தம் நீண்ட கட்டுரையில், வரிமுறிவு போன்ற கட்டுப்பாட்டுக் குறிகளும் பெயரின் தொடக்கத்தில் வரும் கோடும் பாதுகாப்புக் கேடுகளுக்கு வழிவிடுவதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அதில் உண்மை இருக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, பெயர்களில் வரிமுறிவை மறுக்குமாறு இயங்குதளங்களை ஊக்குவிக்கிறது. கோப்புப் பட்டியலைப் பாதுகாப்பாகக் கைமாற்ற வெற்றுப் பைட்டைப் பிரிப்பானாகக் கொள்ளும் முறையையும் தரமாக்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, எந்த மொழியிலும் பெயரின் பகுதியாகாத குறிகளைத் தடுப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதே தரம் எல்லா இடத்திலும் செல்லும் எழுத்துகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள், பத்து எண்கள், புள்ளி, கோடு, அடிக்கோடு. மொத்தம் 65. தமிழின் ஓர் எழுத்தும் அதில் இல்லை. அந்த அளவுகோலின்படி நம் நெடுங்கணக்கு முழுவதுமே சிறப்புக் குறிகள்தான். வரிமுறிவையும் ழகரத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தும் தடையை எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் ஏற்க இயலாது.

சமன்செய்து ஒப்பிடுவது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்றும் சொல்ல முடியாது. ஆப்பிளின் பழைய கோப்பமைப்பு 1998 முதலே பெயர்களை உடைந்த வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தது. 2017இல் வந்த அதன் புதிய கோப்பமைப்பு, எழுதிய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. நான் மேலே கேட்டது ஏறத்தாழ இதைத்தான். 2019இல் லினக்ஸ் 5.2 பதிப்பிலிருந்து எக்ஸ்ட்4 கோப்பமைப்பிலும் இப்படி ஒப்பிடும் வசதி, வேண்டியவர்கள் இயக்கிக்கொள்ளும் தெரிவாக வந்தது. இவை ஒருங்குறியின் இயல்பாக்க விதியோடு நிற்கின்றன. தொப்பூரைக் காப்பாற்றும், ஔவையாரைக் காப்பாற்றாது. அதற்கு மேல் உள்ள தமிழ் விதிகளைத் தேடல் கருவியில்தான் எழுத வேண்டும். ளகரமும் ஔகாரமும், ஸ்ரீயின் இரு வடிவங்கள், கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறி, சாய்கோட்டுக்குப் பதிலாக வரும் நான்கைந்து குறிகள், ஹள்ளி–அள்ளி போன்ற வட்டார மாற்றுகள்: எல்லாம் சேர்ந்தும் பெரிய பட்டியல் ஆகாது. ஒரு பெயர் அட்டவணையில் சேரும்போது ஒருமுறை, தேடும் சொல் தட்டப்படும்போது ஒருமுறை இந்த விதிகளை ஓட்டினால் போதும். இன்றைய கணினிக்கு இது சுமையே இல்லை. அரசு வாங்கும் கோப்பு மேலாண்மை மென்பொருளின் ஒப்பந்த நிபந்தனைகளில் இத்தகைய சோதனைப் பெயர்கள் சிலவற்றைச் சேர்த்து, தேடிக் காட்டச் சொல்லலாம்.

அது நடக்கும்வரை அலுவலகங்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. சாய்கோட்டுக்குப் பதிலாக எந்தக் குறி என்பதை வட்ட அளவில் ஒருமுறை முடிவுசெய்து எழுதி ஒட்டிவைக்கலாம். நான் கோட்டைப் பரிந்துரைப்பேன், ஏனெனில் அது எல்லாக் கோப்பமைப்பிலும் செல்லும், தேடல் கருவிகளும் அதைச் சொல்லின் எல்லையாக எடுத்துக்கொள்ளும். பெயரின் நீளத்தைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் எல்லை, தமிழில் ஒரு குறியீடு மூன்று பைட்டு, ஆகவே 85 குறியீடுகளுக்கு மேல் போகாது, மனுவின் பொருள் முழுவதையும் பெயராக வைத்தால் விண்டோஸில் இடம் கிடைத்த கோப்பு லினக்ஸ் சேமிப்பகத்தில் நகலெடுக்கப்படாமல் நின்றுவிடும். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக அனுப்பும்போது யூடிஎஃப்-8 பெயர்களை ஏற்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். ஜிப் வடிவத்தில் அதற்கான குறிப்பு 2006லிருந்தே இருந்தும், அதைப் பொருட்படுத்தாத கருவிகளில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து வெளிவருகின்றன.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டு ஏற்கெனவே குவிந்திருக்கும் கோப்புகளின் பெயர்களை ஒரே முறையில் இயல்பாக்கிவிடும் சிறு நிரலை எந்தக் கல்லூரி மாணவரும் எழுதிவிடலாம். ஆனால் அதை ஓட்டுமுன் பழைய பெயரும் புதிய பெயரும் வரிக்கு வரி இருக்கும் பட்டியல் ஒன்றை உருவாக்கி, கோப்புகளோடு சேர்த்தே வைத்துவிட வேண்டும். பழைய பெயரைச் சுட்டும் கடிதங்களும் இணைப்புகளும் இன்னும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும். ஒரே தோற்றமுள்ள இரண்டு பெயர்கள் ஒரே ஃபோல்டரில் இருந்தால், நிரல் ஒன்றின்மேல் மற்றொன்றை எழுதிவிடாமல் நின்று கேட்க வேண்டும். அந்த இரண்டில் எது பிந்தைய ஆணை, எது திருத்தப்பட்ட வரைபடம் என்பதை ஆவணத்தைத் திறந்து பார்க்கும் அலுவலர்தான் சொல்ல முடியும்.